மரத்துக்கு முன்னால் வந்த நிழல்

கால்ட்விக் ஊருக்கு மரம் வருவதற்கு முன்னால் மரத்தின் நிழல் வந்து சேர்ந்தது. நோர்வேயின் வடகோடியில், இதற்கு மேல் கடலும் பனியும் தவிர என்னிடம் ஒன்றுமில்லை என்று நிலம் கையை விரித்துவிட்ட இடத்தில், அறுநூறு பேர் குடியிருந்த மீன்பிடி ஊர் அது. காற்று அங்கே கணுக்காலுக்கு மேல் எதையும் வளரவிட்டதில்லை, நிமிர்ந்து நின்றவை என்று பார்த்தால் தேவாலயக் கோபுரமும் மின்கம்பங்களும் மூடிக்கிடந்த மீன் ஆலையின் புகைபோக்கியும்தான். ஜூன் மாதத்தின் ஒரு செவ்வாய்க்கிழமை, சூரியன் மறையவே மறையாமல் வானத்தை வலம் வந்துகொண்டிருந்த காலத்தில், முனைவெளி என்று ஊரார் அழைத்த மேட்டு நிலத்தில் ஒரு பிர்ச் மரத்தின் நிழல் நீட்டி விழுந்து கிடந்தது. அடிமரம் இருந்தது, கிளைகள் இருந்தன, காற்றுக்கு ஆடுகிற இலைகள் ஒவ்வொன்றும் இருந்தன. மரம் மட்டும் இல்லை.

முதலில் கண்டவள் யோகாம்பிகை. யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்து, சண்டைக்காலத்தில் இருபத்திரண்டு வயதில் புருஷனோடு இங்கே வந்தவள், இருபத்தெட்டு ஆண்டுகள் மீன் ஆலையில், அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேசை முன்னால் நின்றாள்; மேசையில் பரப்பிய மீன்சதைக்குள் ஒளிந்திருக்கும் முள்ளையும் புழுவையும் அவற்றின் நிழலை வைத்தே கண்டுபிடித்து எடுப்பதுதான் அவள் வேலை, மயிரிழை நிழலும் அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை. ஆலை மூடியபோது அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் ஆறு மாதம் வீட்டில் இருந்தாள். அப்போதுதான் கடை வாசலில் ஒரு அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது: முழங்காலும் கண்ணும் நன்றாக இருப்பவர் தேவை.

ஒட்டியவள் டோர்டிஸ், தெற்கிலிருந்து ஒவ்வொரு கோடையும் வருகிற தாவர ஆராய்ச்சிக்காரி. பூமி சூடேறச் சூடேற வடதுருவத்துச் செடிகொடிகள் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பது அவள் தொழில். முனைவெளியில் முப்பத்தாறு சதுரங்கள் அடையாளமிடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டர் சட்டத்தை வைத்து, அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய நூல்களின் நூறு முடிச்சுகளிலும் ஊசியை இறக்கி, ஊசி எதைத் தொடுகிறதோ அதன் பெயரைச் சொல்ல வேண்டும். புல், பாசி, குத்துச்செடி, வெறுந்தரை, பிறகு வெண்பாசி, குளிர்காலம் முழுவதும் பனிமான்கள் பனியைக் காலால் தோண்டித் தின்று உயிர் பிழைக்கிற அந்த வெளிறிய பாசி. நாற்பத்தொரு ஆண்டுகள் ஒரு கோடையும் தவறாமல் எண்ணி வந்திருந்தார்கள். டோர்டிஸுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டதால் இனி அவள் எழுதுவாள், யோகாம்பிகை மண்டியிட்டு எண்ணுவாள் என்று ஏற்பாடாயிற்று.

"டோர்டிஸ், இங்கே நிழல் இருக்கிறது" என்றாள் யோகாம்பிகை பத்தொன்பதாம் சதுரத்தில்.

"எதன் நிழல்?"

"மரத்தின் நிழல்."

டோர்டிஸ் மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை மேலே பார்த்தாள். பிறகு தாளைப் புரட்டி, "அதற்குப் பத்தி இல்லையே" என்றாள்.

"அப்படியென்றால் ஒரு பத்தி போடுங்கள்."

டோர்டிஸ் கோடு கிழித்து ஒரு பத்தி போட்டாள். அன்று பத்தொன்பதாம் சதுரத்தில் நிழல் நூற்றுக்குப் பதினான்கு.

அந்த வாரம் முடிவதற்குள் இருநூறு நிழல்கள் வந்துவிட்டன, மாதம் முடிவதற்குள் முனைவெளி முழுவதும் ஒரு காட்டின் நிழல் கிடந்தது, காட்டை மட்டும் காணவில்லை. ஊர் இதற்காகக் கூட்டம் போடவில்லை, யாரும் பயந்து ஓடவுமில்லை. சூரியனே மறையாத இடத்தில் வாழ்கிறவர்களுக்கு மரமில்லாத நிழல் அப்படி என்ன பெரிய காரியம். நீலத்தொண்டைக் குருவிகள் நிழலின் கிளைகளில் வந்து அமர்ந்தன, அதாவது தரையில் அமர்ந்தன, காற்றடித்துக் கிளை அசைந்தபோது அவையும் சேர்ந்து இரண்டடி தள்ளித் தள்ளிக் குதித்தன. தபால்காரரின் நாய் நிழலின் அடிமரத்தில் காலைத் தூக்கிவிட்டுத் திருப்தியோடு நடந்தது. பாதிரியார் ஞாயிறு பிரசங்கத்தை நிழலுக்குக் கொண்டுபோனார், பள்ளி ஆசிரியை எந்த நிழல் பிர்ச், எந்த நிழல் வில்லோ என்று பிள்ளைகளுக்கு இலையைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம் தூக்கம். கோடையின் அந்த இரண்டு மாதமும் தடித்த திரைச்சீலைகளுக்குப் பின்னாலும் வெளிச்சம் கண்ணிமையைக் கிளறிக்கொண்டே இருக்க, தூங்காமலே வாழ்ந்து பழகிய ஊர் அது. இப்போது படுக்கையைச் சுருட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனார்கள், நிழலில் படுத்தார்கள், குழந்தைகளைப்போலத் தூங்கினார்கள். சூரியன் சுற்றச் சுற்ற நிழலும் நகர்ந்ததால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோரும் எழுந்து படுக்கையை இழுத்துப் போட வேண்டியிருந்தது. ஊராட்சி இதைக் கவனித்துச் சக்கரம் வைத்த பெஞ்சுகள் செய்துகொடுத்தது. பெரிய குடும்பங்கள் யார் எப்போது எழுந்து தள்ளுவது என்று முறை வைத்துக்கொண்டன.

ஊரிலிருந்த ஒன்பது தமிழ்க் குடும்பத்தாரும் பாய்களோடு போனார்கள். யோகாம்பிகையின் புருஷன் குணநாயகம், நண்டுப் படகு ஓட்டுகிறவன், முதல் நாள் நிழலில் மல்லாந்து படுத்தபோது அவன் கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனது.

"முப்பது வருசத்துக்குப் பிறகு மரநிழலில படுக்கிறன், என்னப்பா" என்றான்.

"மரம் எங்க கிடக்கு?"

"மரம் ஆருக்கு வேணும்? நிழல் கிடக்குதுதானே."

யோகாம்பிகை சிரித்துக்கொண்டே அவன் பக்கத்தில் சாய்ந்தாள். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து கோடையில் ஒருநாளும் அவள் நான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்கியதில்லை. அன்று பதினொரு மணி நேரம் தூங்கினாள். அவன் பாயோடு சேர்த்து அவளை மூன்று தடவை இழுத்துப் போட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

குளிர்காலம் வந்தது. சூரியன் இல்லாத மாதங்களில் நிழலும் இல்லை, ஆனால் நிழல் கிடந்த இடத்தில் பனி வேறு மாதிரி விழுந்தது. காட்டுக்குள் விழுவதுபோல ஆழமாக, பஞ்சு மூட்டையாகக் குவிந்து, மண்ணை உறையவிடாமல் போர்த்திக்கொண்டது. ஆகஸ்ட் முடிவில் நீரிணையை நீந்திக் கடந்து முனைவெளிக்கு வந்து குளிர்காலத்தைக் கழிக்கிற பனிமான்கள், வெண்பாசியைத் தேடி அந்தப் பனியைத் தோண்டின, தோண்டிக்கொண்டே இருந்தன.

மான்களின் சொந்தக்காரன் நில்லா. அந்த மண்ணின் பழங்குடிகளான சாமி மக்களில் ஒருவன். அவன் தகப்பனும் பாட்டனும் அதே முனையில் மேய்த்தவர்கள். அவன் பெயரை முதன்முதலில் கேட்டபோது யோகாம்பிகைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, எங்கள் மொழியில் அதற்கு நிற்காதவன் என்று பொருள் என்றாள். "சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு அவன் நிற்காமல் போய்விட்டான். அந்த நில்லா அடுத்த கோடையின் தொடக்கத்தில் பத்தொன்பதாம் சதுரத்தின் பக்கத்தில் வந்து நின்றான், வெகுநேரம் நின்றான்.

"பதினேழு மான்கள்" என்றான். "படுத்தவை எழும்பவில்லை. வயிற்றைக் கிழித்துப் பார்த்தேன், நனைந்த பாசிதான் இருந்தது, வெண்பாசி ஒரு பிடிகூட இல்லை."

யோகாம்பிகை சட்டத்தை வைத்து மண்டியிட்டாள். நிழல் நாற்பத்தொன்று. வெண்பாசி ஒன்பது. எண்ணி முடித்து எழுந்திருக்கும்போதுதான் நிழலின் அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தில் அதைப் பார்த்தாள்: இரண்டு இலை, சுண்டுவிரல் நகத்தளவு, பல் பல்லான விளிம்பு. பிர்ச் கன்று. அடுத்த நிழலின் அடியைப் போய்ப் பார்த்தாள், அங்கேயும் ஒன்று. அன்றும் மறுநாளும் அவளும் டோர்டிஸும் முனைவெளி முழுக்கக் குனிந்து நடந்தார்கள். ஒவ்வொரு நிழலின் அடியிலும் ஒரு கன்று இருந்தது. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோலக் காடு தன் நிழலை முன்னால் அனுப்பி இடம் பிடித்துவிட்டு, இப்போது சாவகாசமாக வந்துகொண்டிருந்தது.

"முப்பது வருடம்" என்றாள் டோர்டிஸ். "அவ்வளவுதான். பிறகு இது காடு. வெயில் படாமல் வெண்பாசி இருக்காது, கருமையான காடு வெயிலைக் குடித்து இன்னும் சூடாகும், சூட்டில் இன்னும் காடு வரும்."

கன்றுகள் முளைத்த செய்தி ஊருக்குள் போனபோது தேவாலயத்தில் மணியடித்தார்கள். ஊர்த்தலைவர் ஓட்வார், நல்ல மனிதர், மரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முந்நூறு கிலோமீட்டர் வண்டியோட்ட வேண்டும் என்பதை வாழ்நாளெல்லாம் ஒரு குறையாகச் சுமந்தவர், கண்கலங்கி ஒரு யோசனை சொன்னார்: முனைவெளிக்கு வேலி போடுவோம். கன்றுகளை மான் மிதிக்காமல் பார்த்துக்கொள்வோம். நம் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு காடு இருக்கட்டும். முனைவெளி ஊருக்குப் பொது, ஆகையால் ஊர்தான் முடிவு செய்ய வேண்டும். அடுத்த ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமை வாக்கெடுப்பு என்று நாள் குறித்தார்கள். நிழலில் தூங்கி எழுந்தவர்களில் யாருக்கும் மறுபேச்சு இல்லை.

யோகாம்பிகைக்கு அந்தக் கோடையில் நிழலில் படுத்தாலும் தூக்கம் வரவில்லை.

"என்னப்பா, ஏன் புரண்டு புரண்டு படுக்கிறீர்?" என்றான் குணநாயகம்.

"அந்த மனுசன்ர மான் செத்துப் போச்சு."

"மான் சாகிறதுதான். அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?"

"நாங்கள் அதின்ர சாப்பாட்டுக்கு மேல படுத்திருக்கிறம்."

குணநாயகம் பாயைச் சுருட்டாமல் அப்படியே விட்டுவிட்டுப் படகுக்குப் போய்விட்டான். அந்த ஆண்டு முழுவதும் அவர்களுக்குள் அந்தப் பேச்சு மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றது.

மூன்றாம் கோடையின் தொடக்கத்தில், குளிர்காலத்தில் இன்னும் முப்பத்தொரு மான்களை இழந்திருந்த நில்லா, வேலி வருகிறதென்றால் மிச்ச மான்களை விற்றுவிட்டுத் தெற்கே போய்விடுவதென்று முடிவு செய்திருந்தான். மந்தை நீரிணைக்கு அப்பால் கோடை மேய்ச்சலில் இருந்தது. முனைவெளியில் ஒரே ஒரு மான் மட்டும் தங்கிவிட்டது, ஒரு கொம்பு உடைந்து, காலை இழுத்து நடக்கிற பெண்மான். மந்தையின் வேகத்துக்கு நடக்க முடியாமல் பின்தங்கிவிட்டது. புதன்கிழமை காலையில் யோகாம்பிகை பத்தொன்பதாம் சதுரத்துக்கு வந்தபோது அது அங்கே குனிந்து வெறுந்தரையைக் கடித்துக்கொண்டிருந்தது. புல்லில்லை, பாசியில்லை. ஆனாலும் மென்றது, விழுங்கியது, மறுபடி குனிந்தது. அது வாய் வைத்த இடத்தில் வெயில் விழுந்தது.

யோகாம்பிகை மானை மெதுவாகத் தள்ளிவிட்டுச் சட்டத்தை வைத்தாள்.

"நிழல் முப்பத்தொன்று" என்றாள்.

டோர்டிஸ் எழுதவில்லை. "நேற்று ஐம்பத்தெட்டு. தவறாக எண்ணிவிட்டாய்."

"நான் இருபத்தெட்டு வருடம் நிழல் பார்த்துச் சம்பளம் வாங்கினேன். தவறில்லை. மான் தின்றுவிட்டது."

டோர்டிஸ் மானைப் பார்த்தாள். மான் இன்னொரு கிளையின் நிழலுக்கு நகர்ந்து, நுனியிலிருந்து இலை இலையாக மேயத் தொடங்கியது. அன்று முழுவதும் இருவரும் அதன் பின்னாலேயே போய், அது மேய்வதற்கு முன் ஒருமுறை, மேய்ந்தபின் ஒருமுறை என்று எண்ணினார்கள். மாலைக்குள் ஒரு நிழல் முழுக்க மொட்டையாகிவிட்டது. மொட்டையான நிழல் வெயிலில் உலரும் ஈரத்துணிபோல வெளிறி வெளிறி, மறுநாள் காலையில் அங்கே இல்லை. அதன் அடியிலிருந்த கன்றை யோகாம்பிகை விரலால் தொட்டாள். மஞ்சளாகி, தொட்டதும் உதிர்ந்தது.

நில்லாவைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து தரையில் படுத்து, மானின் வாயருகே கன்னத்தை வைத்துப் பார்த்தான். எழுந்தபோது அவன் முகம் வேறாயிருந்தது.

"இலை இளசு" என்றான். "இளசாக இருக்கும்வரைதான் தின்னும். ஜூன் கடைசிக்குள் முற்றிவிடும், பிறகு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். என் மந்தை வழக்கமாக ஆகஸ்டில்தான் இந்தப் பக்கம் வரும்." விரல்விட்டு எண்ணினான். "மூன்று வாரம் இருக்கிறது. சனிக்கிழமை நீங்கள் வேலிக்குக் கை தூக்கினால் அதுவும் இல்லை."

சனிக்கிழமை விளையாட்டுக் கூடத்தில் ஊர் முழுவதும் கூடியது. ஓட்வார் வேலியைப் பற்றிப் பேசினார், நன்றாகவே பேசினார். நில்லா எழுந்து, "சண்டைக்கு வரவில்லை. இந்த மாதமே மான்களை இந்தப் பக்கம் விட அனுமதி கேட்கிறேன். இல்லையென்றால் போய்விடுவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவனுக்கு அதற்கு மேல் பேச வராது.

யோகாம்பிகை தாள்களோடு எழுந்தாள். இவ்வளவு பேர் முன்னால் அவள் பேசியதே இல்லை. அவள் வாயைத் திறப்பதற்குள், தமிழ்க் குடும்பங்கள் இருந்த பக்கத்திலிருந்து செல்வமலர் எழுந்தாள்; ஆலையில் இருபது ஆண்டுகள் அவளுக்குப் பக்கத்து மேசையில் நின்றவள்.

"யோகமக்கா, இத்தனை வருசத்துக்குப் பிறகு எங்களுக்கு ஒரு நிழல் கிடைச்சது. அதையும் மானுக்குக் குடுக்கப் போறியளே?"

"எனக்கும் நிழல் விருப்பம்தான், மலர்" என்றாள் யோகாம்பிகை. பிறகு எல்லோருக்கும் விளங்குகிற ஊர்மொழிக்கு மாறினாள். "நான் பத்தொன்பதாம் சதுரத்தை வாசிக்கிறேன். வேறொன்றும் சொல்லத் தெரியாது."

வாசித்தாள். முதல் ஆண்டு, வெண்பாசி அறுபத்துநான்கு. இரண்டாம் ஆண்டு, அறுபத்துநான்கு. மூன்றாம் ஆண்டு, அறுபத்தைந்து. ஆண்டுகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள், எதையும் தாண்டவில்லை, இருபதாம் ஆண்டில் ஐம்பத்தொன்று, முப்பதாம் ஆண்டில் நாற்பது; சிலர் தங்கள் பிள்ளை பிறந்த ஆண்டு வரும்போது நிமிர்ந்தார்கள், சிலர் தகப்பன் கடலில் போன ஆண்டு வரும்போது குனிந்தார்கள், அப்படி அந்த எண்கள் ஊரின் சொந்தக் கதையைப்போலக் கூடத்துக்குள் இறங்கிக்கொண்டே வந்தன, இறங்கி இறங்கி இருபத்தாறுக்கு வந்தன, நிழல் வந்த ஆண்டில் இருபது, அடுத்த ஆண்டில் ஒன்பது, இந்த ஆண்டில் மூன்று.

"இதை எண்ணியவர்கள் என்னோடு ஆறு பேர்" என்றாள். "அவர்கள் தங்களுக்கு விருப்பமானதை எழுதவில்லை, கண்டதை எழுதினார்கள். நிழலில் நான் பதினொரு மணி நேரம் தூங்கினேன், அப்படி ஒரு தூக்கம் எனக்கு வாழ்க்கையில் இல்லை. ஆனால் நான் கண்டது மூன்று. மூன்றுக்குப் பிறகு என்ன எண் வருமென்று உங்களுக்கே தெரியும்."

உட்கார்ந்தாள். ஓட்வார் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், மான்களை விடச் சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்.

முதலில் ஒரே ஒரு கை எழுந்தது. நண்டுக்கூடு பிடித்துக் காய்ப்பேறிய கை. குணநாயகம் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, யாரும் கேட்காமலே எழுந்து, தன் உடைந்த நோர்வேமொழியில் உரக்கச் சொன்னான்: "எனக்குத் தூக்கம் வராட்டில் பரவாயில்லை!"

கூடம் வெடித்துச் சிரித்தது. சிரிப்பினூடே கைகள் எழுந்தன, பெஞ்சு செய்த தச்சனின் கை, தபால்காரரின் கை, முகத்தைத் திருப்பிக்கொண்டே தூக்கிய செல்வமலரின் கை. எல்லாவற்றுக்கும் கடைசியாக, பெருமூச்சோடு, ஓட்வாரின் கை.

ஆனால் மான்களுக்கு வாக்கெடுப்பு தெரியாது. நில்லாவும் அவன் தம்பிமாரும் இரண்டாயிரத்து நானூறு மான்களைத் திரட்டி நீரிணையின் அக்கரைக்குக் கொண்டுவந்தபோது அவை நின்றுவிட்டன. இக்கரையில் காட்டின் நிழல் கரையைத் தாண்டித் தண்ணீருக்குள் கறுப்பாக இறங்கியிருந்தது. பகலும் இரவும் வெளிச்சமான உலகத்தில் அந்த ஒரு கறுப்பைப் பார்த்து மந்தை மிரண்டது. ஒரு நாள் போனது, இரண்டு நாள் போனது, ஒரு வாரமும் போனது. முனைவெளியில் இலைநிழல்கள் நாளுக்கு நாள் தடித்துக்கொண்டு வந்தன. யோகாம்பிகை தினமும் அவற்றின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு டோர்டிஸிடம், "இன்னும் கொஞ்சம் முற்றிவிட்டது" என்று சொன்னாள்.

"முன்னால் ஒன்று நீந்தினால் போதும், மற்றவை வரும்" என்றான் நில்லா. "அந்த ஒன்றுதான் இல்லை."

"எங்களிட்ட ஒண்டு நிக்குதே" என்றாள் யோகாம்பிகை குணநாயகத்திடம். "கொம்பு முறிஞ்சது. அதுக்கு நிழல்ல பயமில்லை, ருசி தெரியும். உங்கட போட்டில ஏத்திக்கொண்டு போய் அக்கரையில விடுவம்."

"என்ர போட்டில மானோ?"

"ஓம்."

"நண்டு, மீன், ஐஸ், இப்ப மானும் ஏறப்போகுது" என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் தளத்தைக் கழுவினான். மான் ஏறியதும் முதல் வேலையாகத் தளத்தை அசிங்கப்படுத்தியது. குணநாயகம் வானத்தைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு எஞ்சினைக் கிளப்பினான். அக்கரையில் அதை இறக்கி மந்தைக்கு நடுவே விட்டார்கள். அரைமணி நேரம் மான்கள் அதை மோந்து பார்த்தன, அதன் வாயை மோந்து பார்த்தன, மறுபடியும் மறுபடியும் அந்த வாயையே மோந்தன. பிறகு நில்லா அதன் கழுத்தில் நீளக் கயிற்றைக் கட்டி முனையைப் படகில் நின்ற யோகாம்பிகையிடம் கொடுத்தான். படகு நகர்ந்தது. நொண்டி மான் கரையில் ஒரு கணம் தயங்கி, தண்ணீரில் இறங்கி, ஒற்றைக் கொம்பை உயர்த்திக்கொண்டு நீந்தத் தொடங்கியது. காலில் இருந்த குறை தண்ணீரில் தெரியவில்லை.

யோகாம்பிகை திரும்பிப் பார்த்தாள். ஒரு மான் இறங்கியது. பிறகு ஐந்து. பிறகு கரை அப்படியே அவிழ்ந்து நீருக்குள் சரிவதுபோல மந்தை முழுவதும் இறங்கியது, நீரிணையில் கொம்புகளாகவே ஒரு காடு மிதந்து வந்தது. இக்கரையில் நின்ற ஊர் தொண்டை கிழியக் கத்தியது, பாதிரியார் தொப்பியைத் தூக்கி எறிந்தார், அது கடலில் விழுந்தது, அவர் கவலைப்படவில்லை.

பதினொரு நாள் மேய்ந்தன. இரண்டாயிரத்து நானூறு வாய்கள் நிழலை மேய்கிற சத்தம் ஊருக்குள் கேட்டது, நெல்வயலில் நூறு பேர் வரிசையாக நின்று கதிர் அறுப்பதுபோல ஒரு சரசரப்பு. தமிழர்கள் அந்தச் சத்தத்துக்குக் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார்கள். நிழல்கள் இலையிழந்து கிளையாக நின்றன, சதை நீக்கிய மீனின் முள்ளைப்போல ஒரு நாள் கிடந்தன, பிறகு வெயில் அவற்றை எடுத்துக்கொண்டது. தூங்குகிறவர்கள் தங்கள் பெஞ்சுகளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். தச்சன் அவற்றின் சக்கரத்தைக் கழற்றிப் பள்ளிப் பிள்ளைகளின் வண்டிகளுக்குக் கொடுத்தான். செல்வமலர் ஒருநாள் கறுப்புத் துணி வாங்கி மூன்று அடுக்காகத் திரைச்சீலை தைத்து, அதில் ஒன்றை யோகாம்பிகை வீட்டு வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போய்விட்டாள். யோகாம்பிகை அதை அன்றே மாட்டினாள்.

பன்னிரண்டாம் நாள் முப்பத்தாறு சதுரங்களையும் எண்ணினார்கள். இருவர் மட்டும் செய்கிற வேலைக்கு அன்று ஊரே பின்னால் வந்தது. முதல் சதுரத்தில் யோகாம்பிகை மண்டியிட்டு, நூறு முடிச்சிலும் நிழலைத் தேடி, நிமிர்ந்து, தன்னை மறந்து தமிழில் சொன்னாள்:

"பூச்சியம்."

தமிழர்கள் கை தட்டினார்கள். டோர்டிஸ் சுழியம் போட்டாள். இரண்டாம் சதுரம், பூச்சியம். ஐந்தாம் சதுரத்தில் செல்வமலர் அவளோடு சேர்ந்து சொன்னாள், பத்தாம் சதுரத்தில் ஒன்பது குடும்பத்தாரும் சொன்னார்கள், பதினைந்தில் தபால்காரரும் தச்சனும் ஓட்வாரும் நாக்கு சுளுக்கச் சுளுக்க பூஷியும் பூஷியும் என்று கத்தினார்கள். பத்தொன்பதாம் சதுரத்தில் சத்தம் கேட்டுக் குருவிகள் எழுந்து பறந்தன. நில்லா கத்தவில்லை, ஒவ்வொரு பூச்சியத்துக்கும் தொப்பியை ஒருமுறை கழற்றிப் போட்டுக்கொண்டான்.

"அடுத்த வருடமும் நிழல் வரும்" என்றாள் டோர்டிஸ் அவனிடம், எழுதுவதை நிறுத்தாமல். "சூடு குறையவில்லை. ஏமாந்துவிடாதே."

"வரட்டும்" என்றான் நில்லா. "எங்களுக்கும் ஜூனில் பசிக்கும்."

முப்பத்தாறாம் சதுரம் முனையின் நுனியில், கடலுக்கு மேலே இருந்தது. யோகாம்பிகை அங்கே மண்டியிட்டபோது முழு ஊரும் சட்டத்தைச் சுற்றி நின்றது. எண்ணினாள். நிமிர்ந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அறுநூறு பேரும் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார்கள், சொல் கடல்மேல் உருண்டு போய் அக்கரையில் மோதித் திரும்பி வந்தது. குணநாயகம் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வட்டமாகச் சுற்றினான். ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள், யாரோ பாட ஆரம்பித்தார்கள்.

யோகாம்பிகை எழுந்திருக்கவில்லை. சட்டத்தின் நூலை இழுத்து நேராக்கினாள், ஊசியைச் சேலைத் தலைப்பில் துடைப்பதுபோல குளிர்ச்சட்டையின் ஓரத்தில் துடைத்தாள்.

"கொஞ்சம் சத்தம் போடாம இருங்கோ" என்றாள். "இன்னும் வேலை முடியேல்லை."

தமிழில்தான் சொன்னாள். ஊர் முழுவதும் புரிந்துகொண்டு வாயை மூடியது. டோர்டிஸ் பேனாவை உயர்த்திக் காத்திருந்தாள். முதல் முடிச்சில் ஊசி இறங்கி, தரையைத் தொட்டது.

"வெண்பாசி" என்றாள் யோகாம்பிகை.